நாற்பத்து மூன்றாம் இலக்கப் பலகை

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
14.10.2007

அன்புள்ள மகன் சஞ்சயனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் சுகம். உன் அப்பாவுக்குச் சீனி கூடிப்போய் டொக்டர் நன்றாக ஏசி அனுப்பினார், என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை, மற்றப்படி விம்பிள்டன் பிள்ளையார் புண்ணியத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளையார் அவுஸ்திரேலியா, பேர்த் வரைக்கும் வந்து உன்னையும் பார்த்துக்கொள்ளட்டும். அங்கே வெயில் தொடங்கிவிடும், கறுப்புத் தோல்தானே என்று தொப்பி இல்லாமல் சுரங்கப் பக்கம் திரியாதே. போன கிழமை போனில் பின்னால் கேட்ட பெண் குரல் ரேடியோ என்று சொன்னாய். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லும் ரேடியோவை நான் இந்த ஐம்பத்தாறு வயதில் கேள்விப்படவில்லை. அந்த ரேடியோவுக்கு ஒரு பெயர் இருந்தால் எழுது, சாதகம் கேட்க மாட்டேன். இதை எல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் கதைக்கும்போது நீ அந்தப் பக்கம் கொம்பியூட்டரில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. இன்றைக்கு நான் சொல்லப்போவதைத் தட்டிக்கொண்டு கேட்க ஏலாது, அதனால்தான் கடிதம்.

உனக்குச் செபமாலைமுத்து மாமாவை ஞாபகம் இருக்கும். ஜெர்மனியில் இருந்து வந்து, அப்பாவோடு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து, எங்கள் மேல்மாடிச் சின்ன அறையில் ஒன்பது மாதம் இருந்தாரே, யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரர், காலையில் குசினிக்குள் வரும்போது சிலுவை போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். அவர் பிறகு எங்கே போனார் என்று நீ கேட்டபோது பேர்மிங்காமில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று சொன்னோம். அவர் பேர்மிங்காம் போகவே இல்லை. இங்கேதான் இருந்தார், அந்த வீடு இந்த வீடு என்று இருந்து, பிறகு வீடே இல்லாமல் இருந்து, இரண்டு வருடமாக எங்கள் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்தைச் சுற்றி அடித்திருந்த பலகைகளில் எழுதிக்கொண்டு இருந்தார். சுவருக்கு வெள்ளை அடிக்கிற அகலத் தூரிகை, ஒரு ரின் கறுப்புப் பெயின்ற், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம், எல்லாம் தமிழ். கவுன்சில்காரர் தண்ணீரைப் பீய்ச்சி அழிப்பார்கள், அவர் அடுத்த நாள் வந்து திரும்ப எழுதுவார். எங்கள் ஆட்கள் அவரைக் கண்டால் போன் வராமலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடப்பார்கள், நானும் கடந்திருக்கிறேன். நின்று வாசித்தால் அவர் திரும்பிப் பார்த்துக் கதைத்துவிடுவாரோ என்ற பயம். அதனால் இரண்டு வருடமாக ஊர்த் தமிழர் அவ்வளவு பேரும் கடந்துபோன அந்தத் தமிழை ஒரு தமிழரும் வாசிக்கவில்லை. வாசிக்காமலே எங்கள் தமிழ் மன்றம் கூடி, எங்கள் மானம் போகிறது என்று முடிவுகட்டியது. வருடத்துக்கு ஒரு கலைவிழா, ஒரு விளையாட்டுப் போட்டி, ஒரு சண்டை என்று நடக்கிற அதே மன்றம்தான். உன் அப்பா இப்போது அதன் உபதலைவர், தலைவர் பலசரக்குக் கடை ஞானேஸ்வரன். இந்தக் கிறுக்கலை நிரந்தரமாக அகற்றித் தருமாறு கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போனது, கீழே யோகராஜா, உபதலைவர் என்று உன் அப்பாவின் கையெழுத்து. அகராதி பார்த்து எழுதினார். கிறுக்கல் என்பதற்கு மூன்று ஆங்கிலச் சொல் கண்டுபிடித்து மூன்றையும் போட்டார்.

இப்படி இருக்க, ஹாரியட் என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, ஓவியம் படித்ததாம், தினமும் ரெயினால் இறங்கும்போது அந்தப் பலகைகளைப் பார்த்து மயங்கிப்போய்ப் படம் எடுத்திருக்கிறது. கட்டடம் முடிந்து பலகைகளைக் கழற்றியபோது, குப்பை லொறிக்குப் போக இருந்தவற்றை அந்தப் பிள்ளை வாடகை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போய், ஓல்ட் ஸ்ட்ரீட் பக்கம் பழைய தொழிற்சாலை ஒன்றில் இருக்கிற கலரியில் காட்சிக்கு வைக்க ஒழுங்கு பண்ணிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் செபமாலைமுத்துவின் படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. அவ்வளவுதான், மன்றம் திரும்பவும் கூடியது. போன மாதம் வரைக்கும் மண்டை பிழைத்தவராக இருந்தவர், ஒரே கூட்டத்தில், தேத்தண்ணியும் ரோல்ஸும் முடிவதற்குள், எங்கள் மண்ணின் மாபெரும் கலைஞர் ஆகிவிட்டார். பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானம். வாழ்த்துரை உன் அப்பா. கவுன்சிலுக்கு எழுதிய அதே பேனா, அதே மேசை. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு, அந்த மூன்று சொல்லையும் இதிலேயும் போடப் போகிறீர்களோ என்று கேட்டேன். 'உமக்கு உது விளங்காது, நீர் போம்' என்றார்.

ஹாரியட்டுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. செபமாலைமுத்துவிடம் கேட்டால் 'வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் வாசிக்கட்டும்' என்று மட்டும் சொல்லுவாராம். அது தெரியாவிட்டால் என்ன, தாளில் அச்சடித்து வைத்திருந்தது: தொலைந்த தீவொன்றின் பிரார்த்தனைகள், புலம்பெயர்ந்த ஆன்மாவின் தாலாட்டு. திறப்பு விழா அன்று யாராவது வாசித்து ஆங்கிலத்தில் சொன்னால் நல்லது என்று மன்றத்தைக் கேட்டது. உன் அப்பா இரண்டு கையும் தூக்கினார். முதலில் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான் சொன்னதற்கு, தான் தமிழுக்கு டிஸ்டிங்சன் எடுத்தவர், தமிழை வாசிக்க ஒத்திகை தேவையில்லை என்றார்.

போன சனிக்கிழமை பின்னேரம் எல்லோருமாக ரெயின் ஏறினோம். ஞானேஸ்வரன் கோட்டும் கழுத்துப்பட்டியும், அவர் மனைவி வேதவல்லி கலியாண வீட்டுக்குப் போவதுபோலக் காஞ்சிபுரம், மடியில் பொன்னாடைப் பெட்டி, என் மடியில் வடைப் பெட்டி. கலரி என்றால் பளபளப்பாக இருக்கும் என்று நினைத்தேன், செங்கல் சுவருக்குச் சாந்துகூடப் பூசாமல் விட்டிருந்தார்கள், அதுதான் நாகரிகமாம். வெள்ளைக்காரர் ஒரு ஐம்பது அறுபது பேர், கிழிந்த காற்சட்டையும் விலை உயர்ந்த கண்ணாடியுமாக, கையில் வைன், தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு பலகைகளைப் பார்த்துக் கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள். வாசலில் பெரிதாக 'அவுட்சைடர் ஆர்ட்டிஸ்ட்' என்று போட்டிருந்தது. அப்பாவிடம் கேட்டேன், வெளியாள், பள்ளிக்கூடம் போய்க் கலை படிக்காதவர் என்று அர்த்தம் என்றார். செபமாலைமுத்து ஒரு மூலையில் கதிரையில் இருந்தார், யாரோ வாங்கிக் கொடுத்த புதுக் கோட்டு, கை நீளம். எங்களைக் கண்டு எழும்பிக் கும்பிட்டார். நான் வடைப் பெட்டியைக் கையில் வைத்திருந்தபடியால் கும்பிடவில்லை, அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும் மகன், அந்த எழுத்து வடிவு. ரோட்டில் கண்டபோது அழுக்காகத் தெரிந்தது வெள்ளை வெளிச்சத்தில் வேறு மாதிரி இருந்தது. மூன்று சுழி ணகரத்தில் மூன்று சுழியும் ஒரே அளவு, தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்ட ழகரம். ஊரில் படகுகளுக்குப் பெயர் எழுதியவராம், அதைக்கூட அந்த அச்சுத் தாளைப் பார்த்துத்தான் அறிந்தேன். ஒன்பது மாதம் நான் சோறு போட்ட ஆளிடம் ஊரில் என்ன செய்தனீர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்படி வடிவைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் வேதவல்லி என் கையைக் கிள்ளினாள். அவள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அது பிரார்த்தனையும் இல்லை, தாலாட்டும் இல்லை. அவர் இந்த லண்டனில் இருந்த வீடுகள், போன இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. கதவு இலக்கம், திகதி, அங்கிருந்து எப்படி வெளியே வந்தார், அப்போது யார் என்ன சொன்னார்கள். திட்டு ஒன்றும் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை, பொலிஸ்காரர் எழுதிவைப்பதுபோல நடந்தது மட்டும். நல்லதும் எழுதியிருந்தார். ரூட்டிங்கில் நகுலேஸ்வரி அக்கா சோறு தந்தா, போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன் என்று ஒரு பலகை. அதற்குப் பக்கத்தில், ஞானேஸ்வரன் மகளின் கலியாண மண்டபம், பந்தியில் இருந்து சோற்றில் கை வைத்த பிறகு தோளில் தட்டி எழுப்பினார், கார்ட் கொடுத்த ஆக்களுக்குத்தான் சாப்பாடு என்று சொன்னார், இலையை நானே எடுத்துக்கொண்டு போனேன் என்று மற்றப் பலகை. ஞானேஸ்வரன் பொன்னாடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அதை வாசித்தார். வாசித்து முடித்தவருக்கு முன்னால் போகவும் ஏலவில்லை, பின்னால் போகவும் ஏலவில்லை. கடைசியில் பக்கத்தில் வந்த ஹாரியட்டின் தோளில் பொன்னாடையைப் போட்டுவிட்டார். அந்தப் பிள்ளை மகிழ்ச்சியில் சிவந்துபோய் அதைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒலிவாங்கியை எடுத்து, உன் அப்பாவை அழைத்தது.

அப்பா தொண்டையைச் செருமி, எந்தப் பலகை என்று கேட்டார். ஹாரியட் நடுவில் இருந்த பெரியதைக் காட்டியது. செபமாலைமுத்து எழுதியிருந்தபடியே உனக்கு எழுதுகிறேன்: இலக்கம் 43. 1996 மாசி 11, ஞாயிறு. யோகராஜா அண்ணை வீடு. ஒன்பது மாதம் இருந்தேன். தவமலர் அக்கா சொன்னா, பிள்ளைக்குச் சோதினை, படிக்க அரை வேணும், ரெண்டு கிழமைக்கு எங்கையாவது இருந்திட்டு வாங்கோ தம்பி. மாசி 25 போனேன். யன்னலில் வெளிச்சம். மணி அடித்தேன். வெளிச்சம் நின்றது. ரெண்டு கிழமை இன்னும் முடியவில்லை.

அது உண்மை, சஞ்சயன். ஒரு எழுத்துக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அப்போது உனக்கு ஏ லெவல், நீ குசினி மேசையில் படித்தால் என் சட்டிச் சத்தம் இடைஞ்சல் என்று சொன்னாய், எனக்கு அவரைப் போகச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. இரண்டு கிழமை என்று சொன்னபோதே திரும்ப எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மணி அடித்தபோது யார் என்று தெரிந்துதான் அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைத்தார், நான் விளக்கை அணைத்தேன். நீ படியில் நின்று யார் அம்மா என்று கேட்டாய், எலெக்சன்காரர் என்று சொன்னேன். வெளியே மழை. அவர் ஒருதரம்தான் அடித்தார்.

அப்பா ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தார். பிறகு தன் நல்ல ஆங்கிலத்தில் தொடங்கினார். இது ஒரு பழைய வேண்டுதல், ஒரு ஆத்மா வெளிச்சத்தைத் தேடிப் போகிறது, மணி ஒலிக்கிறது, வெளிச்சம் அமைதி அடைகிறது என்றார். அறுபது பேரும் 'ஆ' என்றார்கள். ஒரு கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். ஞானேஸ்வரன் எல்லோருக்கும் முதல் கை தட்டினார், அவருக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. நான் செபமாலைமுத்துவைப் பார்த்தேன். கோபம் ஒன்றும் இல்லை, சின்னப் பிள்ளை பொய் சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு இருந்தார். கோபப்பட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அந்தச் சிரிப்புத்தான் என்னை எழுப்பியது. வடைப் பெட்டியை வேதவல்லியின் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய், பள்ளிக்கூடக் குசினியில் பதினைந்து வருடம் பீன்ஸ் அள்ளிப்போட்ட ஆங்கிலத்தில், இது பிரார்த்தனை இல்லை, இது என் வீடு, இவரைப் போகச் சொன்னது நான், திரும்பி வந்தபோது விளக்கை அணைத்ததும் நான், என் புருசன் வெட்கத்தில் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று சொன்னேன்.

இனி நடந்ததைக் கேள். நான் எல்லோரும் காறித் துப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். கை தட்டினார்கள்! அப்பாவுக்குத் தட்டியதைவிடக் கூடத் தட்டினார்கள். ஒருவர் வந்து என் கையைப் பிடித்து எவ்வளவு சக்தி வாய்ந்தது என்றார். இன்னொருத்தி, நானும் காட்சியில் ஒரு பகுதியா, நாளைக்கும் சொல்லுவேனா என்று கேட்டாள். ஹாரியட் பொன்னாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் சொன்னதைப் பதிவு செய்து அந்தப் பலகைக்குப் பக்கத்தில் காதில் மாட்டிக் கேட்கிற மாதிரி வைக்கலாமா என்று கேட்டது. இந்த ஊரில் ஒரு ஆள் தன் மானத்தைத் தானே கழற்றிப் போட்டாலும் அதற்கு ஒரு ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள். ஒரு சனிக்கிழமைக்கு இவ்வளவு போதும் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். பலகைக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது, என்னவென்று கேட்டால் விற்றாகிவிட்டதாம். வங்கிக்காரர் ஒருவர் தன் சாப்பாட்டு அறையில் மாட்ட வாங்கியிருக்கிறார். நான் ஒரு ஆளைப் போகச் சொன்ன வசனத்துக்குக் கீழே இருந்து அவர் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு போடுவார்.

செபமாலைமுத்து எழும்பி வந்தார். என்னிடம் வருகிறார் என்று நினைத்தேன், அவர் பலகையிடம் வந்தார். கிட்ட நின்று பார்த்துவிட்டு, 'அக்கா, அறைக்கு வல்லின ற போட வேணும், நான் அரை எண்டு எழுதிப்போட்டன், இவ்வளவு நாளும் கவனிக்கேல்லை' என்றார். ஹாரியட்டிடம் தூரிகை கேட்டார். அந்தப் பிள்ளை பயந்துபோய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றது. தொட ஏலாதாம், விற்ற சாமானாம், பிழையோடு இருப்பதுதான் உயிராம். எழுதிய ஆளுக்குத் தன் எழுத்துப் பிழையைத் திருத்த அனுமதி இல்லை. அவர் கையை அந்த நீளக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார். நான் அப்போதுதான், தம்பி, ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்கோ என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. 'வேண்டாம் அக்கா. எனக்கு இப்ப மிச்சம் டவுனில ஒரு அறை தந்திருக்கினம், குசினியும் இருக்கு. உங்கட வீட்டு மணியை அடிக்க எனக்குக் கை வராது' என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு போகத் திரும்பியவர் நின்று, 'பிள்ளை சோதினை பாஸ் பண்ணினவரோ அக்கா?' என்று கேட்டார். பதினொரு வருடம் கழித்து. குத்திக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு வாய் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அவர் அறிய விரும்பித்தான் கேட்டார். என் வாய் திறக்கவில்லை, அதற்குள் யாரோ படம் எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது ரெயினில் வடையை அப்படியே கொண்டுவந்தோம். மன்றம் ஞாயிறே கூடி, செபமாலைமுத்துவுக்கு மனநிலை சரியில்லை என்ற பழைய தீர்மானத்தைத் திரும்பவும் நிறைவேற்றியது, இந்தமுறை எனக்கும் சேர்த்து. உன் அப்பா போகவில்லை. மேசையில் இருந்து கவுன்சிலுக்கு இன்னொரு கடிதம் எழுதுகிறார், முந்திய கடிதத்தை மீளப் பெறுகிறாராம். பலகையே இல்லை, இனி என்னத்தை மீளப் பெறுவது என்று நான் கேட்கவில்லை. ஆறு நாளாக எழுதுகிறார், அகராதி திறந்தபடி கிடக்கிறது.

இப்போது உன் விசயம். நீ அந்த அறையில் படித்ததைவிடக் கிட்டார் அடித்தது கூட, எனக்குக் கீழே கேட்டது. என்றாலும் மூன்று ஏ எடுத்தாய், இன்றைக்கு நல்ல இடத்தில் இருக்கிறாய். உனக்கு ஒன்றும் தெரியாது, உன்னில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி உன்னைப் பற்றியது. ஹாரியட்டிடம் விலாசம் வாங்கி இத்தோடு தனித் தாளில் வைத்திருக்கிறேன். பாஸ் பண்ணினேன் என்று நீயே அவருக்கு எழுது. ஈமெயில் இல்லை, கையால், தமிழில். வேறு என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமையில் எண்ணெய் தேய்த்து முழுகு. நீ தொட்டதெல்லாம் துலங்கி, நோய் நொடி இல்லாமல், உன் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆளுக்குத் திறந்துவிடும் மனதோடு நீ நீடூழி வாழ வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். அந்தக் கடிதத்தைப் பிந்தாமல் போடு மகன், அவர் விலாசம் மார்கழி வரைக்கும்தான் நிச்சயமாம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
யோ. தவமலர்